பச்சைத் தண்ணீரும் வீட்டு நாயும்

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு நாய் வெளியே சுற்றிவிட்டு வந்து, வாயில் நுரை தள்ளி விழுந்தால், தெருவில் முதலில் பேசப்படும் காரணங்கள் இரண்டு. யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்பது ஒன்று. "சயனைடு மேட்டுத் தண்ணிய குடிச்சிருக்கும்ணா" என்பது மற்றொன்று. சுரங்கத்தைச் சுற்றி வளர்ந்த ஊரில் இரண்டாவது சந்தேகம் வருவது இயல்புதான். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அது பெரும்பாலும் யார் வாயிலும் வருவதில்லை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

முதலில் மேட்டுக் கதையை முடித்துவிடலாம். பாறைப்பொடியிலிருந்து தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு கரைசல் பயன்பட்டது. தங்கம் போனபின் மிஞ்சிய மண்தான் இன்று மேடுகளாக நிற்கிறது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையக்கூடிய பொருள். அதற்காக மேட்டடியில் தேங்கும் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது. மண்ணிலிருக்கும் உலோகங்களும் கந்தகமும் அதில் கரைந்திருக்கலாம். நாயை அந்தப் பக்கம் விடவே வேண்டாம். ஆனால் மேட்டைக் கண்டு பயப்படுகிற நாமே, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே நாயை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், பச்சை ஏடு படர்ந்த தண்ணீரில் பந்தை வீசி எடுத்துவரச் சொல்கிறோம். கேட்டால், பாசிதானே என்கிறோம்.

அந்தப் பாசியில் ஒரு வகை நாயைக் கொல்லும். அதை நீலப்பச்சைப்பாசி என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மையில் அது பாசி இனமே இல்லை. சூரிய ஒளியில் தானே உணவு தயாரித்துக்கொள்ளும் பாக்டீரியா. இந்தக் குடும்பம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. மாத்திரையாக விற்கும் சுருள்பாசி இந்தக் குடும்பம்தான். மாட்டுக்குத் தீவனமாகவும் நெல்வயலுக்கு உரமாகவும் வளர்க்கும் அசோலாவின் இலைக்குள் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொடுப்பதும் இதன் சொந்தக்காரன்தான். நமக்குப் பகை மைக்ரோசிஸ்டிஸ், அனபீனா, ஆசிலட்டோரியா போன்ற பேரினங்களில் உள்ள சில இனங்கள். அவற்றிலும் எல்லாம் எல்லா நேரமும் விஷம் சுரப்பதில்லை. ஒரே இனத்தில் விஷமுள்ள கூட்டமும் இருக்கும், இல்லாத கூட்டமும் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாசாரி 1959இல் இவற்றைப் பற்றி 'சயனோபைட்டா' என்ற பெரும் நூலை எழுதினார். இனம் காண்பதற்கு ஆய்வாளர்கள் நாடும் நூல் அது. அப்படிப்பட்ட நூல் கையில் இருந்தாலும், இனத்தைச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். விஷம் உண்டா என்று சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். கரையில் சங்கிலியைப் பிடித்து நிற்பவருக்கு இரண்டும் இல்லை. எனவே அவருக்கு உதவக்கூடிய விதி ஒன்றே ஒன்று: சந்தேகம் வந்தால் நாய் தண்ணீரில் இறங்கக் கூடாது.

கோலார்ப் பக்கத்தில் ஏன் கவனம் வேண்டும்

இந்தப் பாசி பெருகுவதற்கு நான்கு வேண்டும்: வெயில், வெதுவெதுப்பு, அசையாத தண்ணீர், அதில் நைட்ரஜனும் பாஸ்பரசும். முதல் மூன்றுக்கு நம் மாவட்டத்தில் என்றும் பஞ்சமில்லை. நான்காவதைப் பல வழிகளில் நாமே கொண்டுபோய்க் கொட்டுகிறோம். தக்காளித் தோட்டத்துக்கும் முசுக்கொட்டைக்கும் போட்ட உரம் மழையில் கரைந்து பள்ளத்துக்கு வருகிறது. ஊர்ச் சாக்கடை கலக்கிறது. துணி துவைக்கிற சோப்பும், பிள்ளையாரைக் கரைக்கும்போது கூடவே போகிற பூவும் பழமும் தம் பங்கைச் சேர்க்கின்றன.

இதோடு, 2018 ஜூன் முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளில் நிரப்பும் கோரமங்களா – சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் நடக்கிறது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற கணக்கில் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளுக்காகத் தீட்டிய திட்டம். அதைக் குறை சொல்வதற்காக இங்கே எழுதவில்லை. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்கு மேல் போன மாவட்டத்தில் ஏரி நிரம்பினால் என்ன சந்தோஷம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீருக்கு இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு மட்டுமே நடக்கிறது. அழுக்கும் நாற்றமும் அதில் குறையும். கரைந்திருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் முழுதாகப் போவதில்லை. நிலத்தடி நீருக்கு நல்லது செய்கிற ஏரி, நாய் குதித்து விளையாட ஏற்ற ஏரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

தங்கவயலுக்கு ஒரு காலத்தில் குழாயில் தண்ணீர் கொடுத்த பேத்தமங்கலா போன்ற பெரிய ஏரியைவிட, வற்றிக்கொண்டிருக்கும் சின்னக் குட்டையில்தான் ஆபத்து அதிகம். பெரிய நீர்ப்பரப்பில் காற்றும் அலையும் கலக்கிவிடும். குட்டையில் தண்ணீர் குறையக் குறைய உரமும் பாசியும் அடர்ந்துகொண்டே போகும். மார்ச் முதல் மே வரை இப்படித்தான். கோடைமழை ஒன்று கொட்டி, அதன் பின்னால் நான்கைந்து நாள் காற்றில்லாமல் வெயில் அடித்தால், நேற்றுத் தெளிந்திருந்த தண்ணீர்கூட இன்று பச்சையாக நிற்கும். பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டைகளையும் சொல்ல வேண்டும். மாநில அரசின் கிருஷி பாக்யா திட்டத்தில் வெட்டி, பிறகு கவனிப்பாரில்லாமல் கிடப்பவை எத்தனையோ. அவற்றில் பாசி ஒருபுறம். இறங்கிய நாய் வழுக்கும் பிளாஸ்டிக்கில் ஏற முடியாமல் நீந்தி நீந்திக் களைத்து மூழ்குவது மறுபுறம். வயலோரம் நாயோடு நடப்பவர்கள் பாசிக்கு முன்னால் இதற்கே பயப்பட வேண்டும்.

கரையில் நின்று பார்ப்பது

தண்ணீர் முழுக்கக் கலங்கிய பச்சை. அல்லது மேலே பச்சைப் பெயின்ட்டைக் கொட்டிவிட்டது போன்ற ஏடு. சில நேரம் நீலம் தட்டும், சில நேரம் பழுப்பு. கரையில் ஒதுங்கிக் காய்ந்த இடத்தில் வெளிர்நீலக் கறை தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். மண்வாசனை, பூஞ்சணவாசனை, அழுகும்போது சாக்கடை நாற்றம். இந்த உயிரிகளின் செல்லுக்குள் நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் காற்றில்லாத நாளில், அதுவும் காலையில், மேலே மிதந்து வரும். நாம் நாயைக் கூட்டிப்போகும் நேரமும் அதுதான். லேசாகக் காற்று அடித்தால் ஏடு முழுவதும் ஒரு பக்கக் கரைக்கு ஒதுங்கும். நடு ஏரி தெளிந்திருக்கும். நாய் வாய்வைக்கும் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குக் குழம்பு நிற்கும். ஆகவே மறுகரையிலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். இழை இழையாகச் சுற்றிக்கொண்டு வந்தால் சாதாரண இழைப்பாசி. குட்டி இலைகள் ஒட்டி வந்தால் நீரில் மிதக்கும் செடி. ஆகாயத்தாமரையும் அப்படித்தான், அது ஏரிக்குப் பகையே தவிர இந்த விஷம் அதில் இல்லை. இழையும் இல்லாமல் இலையும் இல்லாமல் குச்சியில் வண்ணம் பூசியதுபோல வந்தால் கிளம்பிவிடுங்கள். நேரமிருப்பவர்கள் கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு மொண்டு மூடி, ஆடாமல் ஓர் இரவு வைக்கலாம். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் வேறு பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே வளையமாகக் கூடியிருந்தால் நீலப்பச்சைப்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் வாய்ப்புதான், உறுதியில்லை. மூடிய பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும்.

தெளிந்த தண்ணீர் என்றால் தப்பித்தோம் என்றும் இல்லை. நியூசிலாந்தின் ஹட் ஆற்றில் 2005இல் நாய்கள் செத்தபோது ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது, தண்ணீரும் தெளிவு. விஷம் இருந்தது கல்லில் ஒட்டிப் படர்ந்து, பெயர்ந்து, கரையில் ஒதுங்கிய கரும்பழுப்புப் பாய்களில். அந்த வாசனை நாய்களை இழுக்கிறது போலும், தேடிப்போய்த் தின்கின்றன. மழைக்குப் பின் பாலாற்றுப் படுகையில் அங்கங்கே தேங்கும் குழிகளில் நாயை விடுகிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பதோடு கல்லையும் கரையையும் பாருங்கள்.

ஏன் நாய்க்கு மட்டும் இவ்வளவு ஆபத்து

மனிதன் பச்சைத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிப்பான். நாய் சுளிக்காது. நீந்தும்போது விழுங்கும், பந்தோடு சேர்த்து விழுங்கும், வெளியே வந்ததும் உடம்பை நக்கும். அடர்ந்த முடியுள்ள லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் நாய்களின் முடி ஏட்டை அப்படியே வாரிக்கொண்டு வரும். நீந்தும்போது குடித்ததைவிட, வீட்டுக்கு வரும் வழியில் நக்கித் தின்றது அதிகமாக இருக்கும். குடிநீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. திரண்ட ஏட்டில் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கக்கூடும்.

விஷத்தில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின். குடலிலிருந்து பித்த அமிலங்கள் கல்லீரலுக்குத் திரும்பும் பாதையிலேயே இதுவும் உள்ளே நுழைகிறது. கல்லீரல் செல்லுக்கு வடிவம் கொடுக்கும் சட்டகத்தைக் குலைக்கிறது. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன, கல்லீரலுக்குள் ரத்தம் கசிந்து தேங்குகிறது. வெளியே தெரிவது: சில மணி நேரத்தில் வாந்தி, பேதி, சோர்வு, ஈறு வெளுத்துப்போதல், கருப்பு மலம், ஒன்றிரண்டு நாளில் கண்ணிலும் ஈறிலும் மஞ்சள். மற்றொன்று நரம்பைத் தாக்கும் அனடாக்சின். நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியைப் போலவே வேடமிட்டு, தசையை ஓயாமல் இயக்கிக் களைக்கவைத்துவிடும். எச்சில் ஒழுகும், கால் தள்ளாடும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், கடைசியில் மூச்சுத் தசையும் நின்றுபோகும். குடித்த கால்மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும்.

இது புதிய நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தென் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் கால்நடைகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். எந்தப் பிராணி எவ்வளவு நேரத்தில் சாகிறது என்றுகூடக் குறித்திருக்கிறார். நாய்க்கு அவர் கொடுத்த கணக்கு 4 முதல் 5 மணி நேரம். 2020இல் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதியில் 300க்கு மேற்பட்ட யானைகள் செத்துக் கிடந்தபோது, நீர்க்குழிகளிலிருந்த இந்தப் பாசியின் விஷமே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. யானைக்கே அப்படி என்றால் பதினைந்து கிலோ நாட்டு நாய்க்கு எவ்வளவு போதும் என்று யோசியுங்கள்.

இறங்கிவிட்டது என்றால்

உடனே வெளியே கூப்பிடுங்கள். நக்கவிடாதீர்கள். வாயைக் கட்ட முடியாவிட்டால் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சுத்தமான தண்ணீரால், முடிந்தால் குழாயடியில் வைத்து, வயிறும் கால் இடுக்கும் வாலும் உட்பட அலசுங்கள். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். துண்டால் நன்றாகத் துடைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரைக் குடிக்கக் கொடுங்கள். நாயோடு வெளியே போகும் எல்லோரும் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று எடுத்துப்போவதுதான் இந்த அத்தியாயத்திலேயே மிக மலிவான வைத்தியம். தாகமில்லாத நாய் குட்டையைத் தேடாது.

அறிகுறி எதுவும் இல்லை என்றாலும் ஏட்டை விழுங்கியதைக் கண்ணால் பார்த்தால் மருத்துவரிடம் போங்கள். அறிகுறிக்காகக் காத்திருக்கிற நேரம்தான் கைநழுவிப் போகிற நேரம்.

கைவைத்தியம் எதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைப்பது நம் பக்கத்துப் பழக்கம். அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். தள்ளாடுகிற, வலிப்பு வருகிற நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகும். பால், முட்டை வெள்ளைக்கரு, இளநீர் எதுவும் இந்த விஷத்தை முறிக்காது. வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அடிபட்ட கல்லீரலை அது இன்னும் அடிக்கும்.

மாற்றுமருந்து என்று ஒன்று கிடையாது. மருத்துவர் செய்வது நாயைத் தாங்கிப் பிடிப்பது: சலைன், ரத்தச் சர்க்கரை குறைந்தால் குளுக்கோஸ், வலிப்புக்கு ஊசி, மூச்சுக்கு ஆக்சிஜன், ரத்தம் உறையாவிட்டால் அதற்கு வேண்டியது. அமெரிக்காவின் மொன்டானாவில் மைக்ரோசிஸ்டின் தாக்கிய நாய் ஒன்றுக்கு, மனிதர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் கொலஸ்டிரமின் கொடுத்துப் பிழைக்கவைத்ததாக 2013இல் மருத்துவக் கட்டுரை வெளியானது. குடலில் அந்த விஷத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்து அது. உங்கள் மருத்துவரிடம் பேச்சுவாக்கில் சொல்லிவைக்கலாம். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

மருத்துவருக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய உதவி தகவல்தான். இங்கே வாந்தி பேதியோடு வரும் நாய்க்குப் பார்வோவா, உண்ணிக்காய்ச்சலா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மஞ்சள் இருந்தால் எலிக்காய்ச்சல் நினைவுக்கு வரும். அதுவும் தேங்கிய தண்ணீரில் பரவுவதுதான், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, போட்டுவையுங்கள். எச்சில் ஒழுகி நடுங்கினால் பூச்சிமருந்து என்று நினைப்பார்கள். இவையெல்லாம் நியாயமான ஊகங்கள். "டாக்டர், ஒரு மணி நேரத்துக்கு முந்தி பச்சைத் தண்ணியில இறங்குச்சு" என்ற ஒரு வரி இல்லாவிட்டால் பாசி என்ற எண்ணமே எழாது. அந்தத் தண்ணீரைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சின்னப் பாட்டிலில் மூடி எடுத்துப்போங்கள். எப்போது இறங்கியது, எப்போது முதல் வாந்தி என்ற நேரத்தைக் குறித்துவையுங்கள்.

போகுமிடம் பற்றி ஒரு கண்டிப்பு. பெங்களூர் ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நம் ஊரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். நரம்பு விஷத்துக்கு அந்தத் தூரம் தாங்காது. முதலில் ஊரில் இருக்கும் மருத்துவரிடம் காட்டி ஊசியும் சலைனும் ஏற்றியபின், அவர் சொன்னால் பெங்களூர் போகலாம். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான 1962 என்ற தொலைபேசி எண் முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது. கூப்பிட்டுப் பார்க்கலாம், அதை நம்பி உட்கார வேண்டாம். ஞாயிறு காலையில் யார் கதவைத் தட்டலாம் என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து, எண்ணைப் பதிந்துவையுங்கள்.

வீட்டுத் தொட்டியும் தெரு நாயும்

தெரு நாய்களுக்காகக் கோடையில் வாசலில் சிமென்ட் தொட்டி வைப்பவர்கள் நம் ஊரில் பலர் உண்டு. நல்ல காரியம், அதைச் செய்கிறவர்கள் பச்சைத் தண்ணீரிலிருந்து நாய்களை விலக்கிவைக்கிறார்கள் என்றே சொல்வேன். தொட்டி நிழலில் இருக்கட்டும், தண்ணீர் தினமும் மாறட்டும், வாரத்தில் இரண்டு முறையாவது தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். மேலே தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தால் தொட்டியே குட்டையாகிவிடும்.

குட்டையைச் சுத்தம் செய்கிறேன் என்று மயில்துத்தம் கொட்டும் யோசனை சிலருக்கு வரும். துத்தம் பாசியைக் கொல்லும். செத்த செல் உடையும்போது உள்ளே இருந்த விஷம் மொத்தமும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும். பச்சை போய்விட்டதே என்று அடுத்த நாள் மாட்டையும் நாயையும் விடுவது, பச்சையாக இருந்தபோது விடுவதைவிட மோசம். அந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் மைக்ரோசிஸ்டின் அழியாது. மனிதரும் குடிக்கக் கூடாது, குழந்தைகள் குளிக்கவும் கூடாது.

கரையில் எச்சரிக்கைப் பலகை வரும் என்று காத்திருக்க வேண்டாம். பச்சை ஏட்டைப் பார்த்தால் படம் எடுத்து, இடமும் நாளும் போட்டு, நாய் வளர்க்கும் நாலு பேருக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் அன்றைக்கே அனுப்புங்கள். நகரசபைக்கும் ஒரு மனு எழுதுங்கள். ஏடு மறைந்தபின்னும் குறைந்தது இரண்டு வாரம் அந்தப் பக்கம் நாயை இறக்காதீர்கள்.